குரத்தியர் பள்ளியும் கந்தரோடைத் தூபிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், மாதகலுக்கு அண்மையிலுள்ள சம்பில்துறையே பாளி நூல்கள் கூறும் சம்புகோளப் பட்டினம் என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் மகள் சங்கமித்தை, வெள்ளரசின் கிளையோடும் பிக்குணியர் பதினொருவரோடும் இத்துறையிலே கரையிறங்கினாள் என்றும், தேவநம்பிய தீசன் கழுத்தளவு நீரில் நின்று அக்கிளையை எதிரேற்றான் என்றும் மகாவமிசம் கூறும். அம்மரத்தினின்றும் முளைத்த முதல் எட்டுக் கன்றுகளுள் ஒன்று இத்துறையிலேயே நடப்பட்டது என்பதும் அந்நூற் செய்தியே. ஈழத்திலே பெண்டிர்க்கெனத் துறவுச் சங்கம் ஒன்று தோன்றுதற்கு இக்குடாநாட்டுக் கரையே வாயிலாயிற்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின், வாயிலைக் கண்டவர் வீட்டையும் கண்டவராகார். கரையிறங்கிய மகளிர் இங்குத் தங்கியிருந்தனர் என்று அந்நூல் கூறவில்லை. அவர்கள் அநுராதபுரத்துக்குச் சென்றனர். உபராசனின் தேவியாகிய அனுலையும் அவளைச் சூழ்ந்த மகளிரும் அங்கே துறவு பூண்டனர். உபாசிகா விகாரை, அத்தாள்கம் என்னும் உறையுள்கள் அங்கேயே எழுந்தன. அங்ஙனமாயின், குடாநாட்டில் மகளிர் சங்கம் இருந்ததா? இருந்ததெனின் அதன் தடம் யாது? இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் கந்தரோடையை நோக்கியே விரல் நீட்டுவர்.

சுன்னாகத்துக்கு அணித்தான கந்தரோடையில், பனைகளால் சூழப்பட்ட சிறு நிலப்பரப்பில், முருகைக்கல்லால் அமைந்த சிறு தூபிகள் இருபதுக்கு மேற்பட்டன நெருங்கி நிற்கின்றன. 1917 ஆம் ஆண்டையடுத்துப் போல் ஈ. பீரிசு இவற்றை அகழ்ந்து அறிஞர் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். இன்று காண்போர் கண்ணுக்குத் தோன்றும் அரைக்கோள வடிவங்கள் பல, சிதைந்து கிடந்த கற்களைக் கொண்டு தொல்பொருட்டிணைக்களத்தார் மீளக் கட்டியவை என்பதை மறத்தலாகாது. 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் அயலில் நடத்திய அகழ்வு, தூபிகளுக்கு நெடுங்காலம் முற்பட்டே கருஞ்செம் மட்கலங்களைப் பயன்படுத்திய மக்கள் அங்குக் குடியிருந்தமையைக் காட்டிற்று. கந்தரோடை ஓர் ஊராயிருந்தது, வாணிக ஊராயிருந்தது, பின்னர் அவ்வூரை அடுத்து ஒரு பௌத்தப் பள்ளி எழுந்தது. சிங்கள நூலாகிய நம்பொத்த அதனைக் கதுருகொட விகாரை என்று பெயர் கூறும். இவ்வளவும் ஐயமின்றிக் கொள்ளற்பாலன.

இத்தூபிகள் யாவருடையன என்பதிலே தொடங்குகிறது வழக்கு. நச்சுக்காளான் உண்டு இறந்த அறுபது துறவிகளின் நினைவுச் சின்னங்கள் இவை என்பது ஒரு வாய்மொழி. ஈமச் சின்னம் எழுப்பும் தென்னிந்தியப் பெருங்கற்கால வழக்கத்தின் தொடர்ச்சி என்பது மற்றொரு கருத்து. சிங்களவர் சின்னமா, தமிழ்ப் பௌத்தர் சின்னமா என்னும் பூசலோ ஒரு நூற்றாண்டாகியும் ஓய்ந்தபாடில்லை. இப்பூசலில் இரு திறத்தாரும் இனத்தைப் பற்றியே வினவுவதல்லாமல், அங்கு வாழ்ந்தோர் எவ்வாறு உண்டனர், யாரிடம் கற்றனர், அவருள் பெண்டிரும் இருந்தனரா என்று வினவியது அரிது. ஒரு பள்ளியின் வாழ்க்கையைக் கேளாது அதன் உரிமையை மட்டும் கேட்பது ஆராய்ச்சியாகாது, அது காணிவழக்கு.

மகளிரைப் பற்றிக் கேட்போரும் இல்லாமல் இல்லை. அவர்கள் விடையைக் கல்லில் தேடாமல் காப்பியத்தில் தேடுகின்றனர். மணிமேகலையிற் பேசப்படும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொண்டு, அங்கே புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்புணர்ந்த மணிமேகலையின் வழியில் வந்த பிக்குணியர் குடாநாட்டிலும் பரவியிருந்தனர் என்றும், கந்தரோடைத் தூபிகளிற் சில அவர்களுடையனவாதல் கூடும் என்றும் உரைப்பது இவ்வகுப்பார் வழக்கு. கேட்க இனிதாகவே இருக்கிறது. ஆனால் இதன் படிகளுள் ஒன்றேனும் உறுதியானதன்று. மணிபல்லவம் நயினாதீவு என்பது ஊகம். காப்பியத் தலைவி பின்னோர்க்கு வழிகாட்டிய வரலாற்று மாந்தர் என்பது மேலும் ஓர் ஊகம். பெயர் பொறிக்கப்படாத தூபியைப் பெண்ணுக்கு உரியதாக்குவது மூன்றாவது. மும்பைக்கு அணித்தான கண்ணேரி மலையில், இறந்த தேரர்களுக்கு எழுப்பிய செங்கற்றூபிகளோடு அவர்தம் பெயர் பொறித்த கற்களும் கிடைத்தன. அத்தகைய எழுத்து இருந்தால் இன்னார் தூபி இது என்று கூறலாம். கந்தரோடைத் தூபிகள் அவ்வாறு பெயர் சொல்வன அல்ல.

இக்குறையை நீக்கும் வழி, கற்பனையை விடுத்து ஓர் அளவுகோலைத் தேடுதலே ஆகும். மகளிர் துறவுச் சங்கம் ஒன்று தமிழ் வழங்கும் நிலத்தில் வாழ்ந்தமைக்கு எழுத்துச் சான்று எங்கேனும் உண்டா? உண்டாயின் அது எத்தகைய தடத்தை விட்டுச் சென்றது? இவ்வினாவுக்குக் கடலுக்கு அப்பாலுள்ள தமிழகம் விடை தருகிறது. அங்குக் கிடைப்பவை சமணருடையன; இங்கு ஆராயப்படுவது பௌத்தம். ஆதலின் அவற்றை நேர்விடையாகக் கொள்ளல் பொருந்தாது. சான்று எத்தகையது, அது எவ்வாறு தோன்றுகிறது என்று அறிதற்கு மாத்திரமே அவை ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வந்தவாசிக்கு அண்மையில் வேடல் என்றொரு சிற்றூர் உண்டு. கல்வெட்டில் அதன் பெயர் விடால்; மாதேவி ஆரந்திமங்கலம் என்பது மறுபெயர். ஊரை அடுத்த குன்றில் இயற்கைக் குகைகள் உள்ளன. அங்குள்ள கல்வெட்டொன்று இராசகேசரிவர்மனின் பதினான்காம் ஆட்சியாண்டுக்கு உரியது. அவ்வரசன் முதலாம் ஆதித்த சோழன் என்று கொள்வோர் இதனை ஏறக்குறைய கி.பி. 885 இல் வைப்பர். குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாராகிய கனகவீரக் குரத்தியார் என்னும் பெண்துறவியும் அவருடைய பிள்ளைகள் ஐந்நூற்றுவரும் ஒரு புறம், நானூற்றுவர் மறுபுறம். இவ்விரு கூட்டத்துக்கும் இடையே பிணக்கு மூண்டது. அதன் பின்னர்ச் சிங்கபுர நாட்டைச் சேர்ந்த அவ்வூர் மக்கள், குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் தாமே காத்து ஊட்டுவதாக ஒப்புக்கொண்டனர். கல்லிலே எழுதப்பட்டது அவ்வொப்பந்தமே.

இக்கல்வெட்டை எடுத்துக்காட்டாத சமண வரலாற்று நூல் அரிது. எனினும், பெண்டிர்க்குப் பள்ளி இருந்தமைக்குச் சான்று என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்பாற் செல்வதே பலர்க்கும் இயல்பாயிற்று. அது பேசும் செய்திகள் மூன்று நிதானமாக நோக்கற்பாலன.

முதலாவது, எண். ஐந்நூறு என்பது சமயநூல்களில் மிகப் பழகிய தொகை. அனுலையோடு துறவு பூண்ட கன்னியரும் ஐந்நூற்றுவர், அந்தப்புர மகளிரும் ஐந்நூற்றுவர் என்றே மகாவமிசமும் கணக்கிடும். ஆதலால் வேடலின் ஐந்நூறும் ‘மிகப் பலர்’ என்னும் பொருட்டாதல் கூடும். ஆனால் நானூறு அத்தகைய மரபுத் தொகையன்று. மிகுதியைச் சுட்டுவதே எழுதுவோன் கருத்தாயின் எதிர்க்கட்சிக்கும் ஐந்நூறு என்றே பொறித்திருப்பான். இரு வேறு தொகை இட்டமை, ஆட்கணக்கு ஒன்று உண்மையிலே எடுக்கப்பட்டதோ என்று எண்ண வைக்கிறது. உணவளிக்கும் பொறுப்பை ஏற்போர்க்குத் தலைக்கணக்கு வேண்டியதே அன்றோ! அந்நானூற்றுவர் ஆடவரா மகளிரா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்படவில்லை. ஆடவராயின் அது துறவியர் இருபாலார்க்கும் இடையே நேர்ந்த பிணக்கு; மகளிராயின் ஒரே பள்ளியுள் தலைமை பற்றி எழுந்த பிளவு. எவ்வாறாயினும், குரத்தியார் ஒரு கட்சியின் தலைவியாய் நின்றார் என்பதும், ஊரார் அவர் பக்கம் சேர்ந்தனர் என்பதும் மாறா.

இரண்டாவது, குரத்தி என்னும் சொல். தவம் செய்யும் பெண் என்பது மட்டும் இதன் பொருளன்று. குரவன் என்பதற்கு நேரான பெண்பால் இது. ஆசிரியை என்பதே சொற்பொருள். மயிலை சீனி. வேங்கடசாமி 1954 இல் வெளியிட்ட சமணமும் தமிழும் என்னும் நூலிற் சமணப் பெண்துறவியரைக் குறிக்கும் பெயர்களைத் திரட்டித் தந்தமை போற்றத்தக்கது. ஆயினும் குரத்தி, கந்தி, ஆரியாங்கனை என்பவற்றை ஒருபொருட் பன்மொழியாகவே வைத்தெண்ணும் வழக்கு பின்வந்தோரிடம் ஊன்றிவிட்டது. கற்பிக்கும் தொழிலாற் பெற்ற பெயரையும் நோன்பாற் பெற்ற பெயரையும் ஒன்றாக்கினால், கல்வெட்டு எதனை வலியுறுத்துகிறதோ அதுவே மறைந்துபோம்.

மூன்றாவது, இடம். வேடற் குகைகளில் ஒன்பது நூறு பேர் உறைதல் இயலாது. அவர்கள் குன்றின் அடியிலும் ஊரிலும் மண்சுவரும் ஓலைக்கூரையுமாய் அமைந்த மனைகளிலேதான் இருந்திருத்தல் வேண்டும். அம்மனைகள் எஞ்சவில்லை. எஞ்சியவை குகையும் கல்லெழுத்துமே. அவ்வெழுத்தும் எதனால் எழுந்தது? பிணக்கு நேர்ந்ததனாலே எழுந்தது. அமைதியாகக் கற்றும் கற்பித்தும் உண்டும் உறங்கியும் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி அக்கல் ஒரு சொல்லும் பேசவில்லை. பூசல் மூளாதிருந்தால் கனகவீரக் குரத்தியார் என்று ஒருவர் வாழ்ந்தமையே இன்று தெரிந்திராது.

தெற்கே கோவிற்பட்டிக்கு அணித்தான கழுகுமலை இதற்கு மாறான காட்சியைத் தருகிறது. முடிவுறாத வெட்டுவான் கோயிலால் அறியப்பட்ட அதே மலையின் பாறைமுகத்தில், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களின் கீழ் ஏறத்தாழ நூறு வட்டெழுத்துப் பொறிப்புக்கள் உள்ளன. அவை மிகச் சுருங்கியவை: இன்ன ஊரினர், இன்னார் மாணாக்கர், செய்வித்த திருமேனி என்னும் அளவே. அவற்றுள்ளே மிழலூர்க் குரத்தியார், பேரூர்க் குரத்தியார், நால்கூர்க் குரத்தியார், சங்கக் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார் எனப் பெண்பெயர்கள் ஆண்பெயர்களோடு கலந்து வருகின்றன. அவர்க்குத் தனிப்பாறை ஒதுக்கப்படவில்லை, எழுத்தும் சிறுக்கவில்லை.

இவருள் திருச்சாரணத்துக் குரத்தியாரின் பெயர் தனியே நோக்கத்தக்கது. திருச்சாரணத்துமலை என்பது இன்று கன்னியாகுமரி மாவட்டத்திற் சிதறால் என வழங்கும் குன்று. கழுகுமலைக்கும் அதற்கும் இடையே அறுபது மைலுக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. அச்சிதறாலிலேயே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று, பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குரத்தியார் பகவதிக்குப் பொன்னணி அளித்தமையைக் கூறுகிறது. துறந்தார் கையிற் பொன் எவ்வாறு வந்தது என்று வியப்போர் வியக்க. ஈண்டு வேண்டுவது வேறு: ஒரு மலைக்கு உரிய பெண்ணாசிரியர் மற்றொரு மலைக்குச் சென்று தம் ஊர்ப்பெயரோடு திருமேனி செய்விக்கின்றார். சிதறிக் கிடந்த தனித்தவசியரின் செயலாக இது தோன்றவில்லை. ஆசிரியர் மாணாக்கர் என்னும் தொடர்பு ஊர்கடந்து விரிந்திருந்தமைக்கு இஃது அறிகுறி.

இத்துணைச் சிறப்பு இம்மகளிர்க்கு எவ்வாறு வாய்த்தது? திகம்பரச் சமணக் கோட்பாட்டின்படி பெண் பிறவியிலே வீடுபேறு இல்லை. ஆணாகப் பிறந்தே அதனை எய்துதல் வேண்டும். தமிழகச் சமணரோ பெரும்பாலும் திகம்பரர். இம்முரணைக் கண்ட பி. பி. தேசாய், தென்னிந்தியச் சமணம் பற்றி 1957 இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே, பெண்ணுக்கு இப்பிறப்பிலேயே வீடு உண்டு என்று கொண்ட யாபனீயப் பிரிவினரின் சார்பு தமிழகத்தில் இருந்ததாதல் வேண்டும் என்று கருதினார். நுண்ணிய கருத்தே, மறுக்க முற்படுவோரும் அதன் கூர்மையை மதித்தல் வேண்டும். ஆனால் மேற்காட்டிய பொறிப்புக்களுள் யாபனீயர் என்னும் பெயர் எங்கும் வரவில்லை. கொள்கை தாழ்த்தினால் வாழ்க்கையும் தாழ்ந்தே இருக்கும் என்பது தேசாய் சொல்லாமற் கொண்ட அடிப்படை. கற்பிப்பதற்கும் மாணாக்கரைச் சேர்ப்பதற்கும் ஊராரின் சோற்றைப் பெறுவதற்கும் வீடுபேற்றுக் கொள்கை தடையாகாது. வேடல் ஊரார், குரத்தியார்க்கு வீடு உண்டா இல்லையா என்று ஆராய்ந்தபின் உணவளிக்க முன்வந்தனரல்லர்.

கல் இவ்வாறு கூறக் காப்பியம் யாது கூறுகிறது? சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகள் தனியே ஒரு பள்ளியில் இருக்கிறார்; கோவலன் கண்ணகியோடு வழிநடக்கிறார்; அவர்க்கு நேர்ந்ததைக் கேட்டு உண்ணாநோன்பால் உயிர் விடுகிறார். அவர்க்கு மாணாக்கியர் இலர். மணிமேகலை அறவண அடிகளிடம் அறங்கேட்கிறாள். அமுதசுரபி ஏந்திப் பலர்க்கு உணவளிக்கிறாள். அவளை ஏற்று வளர்க்கும் பிக்குணிச் சங்கம் ஒன்று கதையில் முன்னிற்கவில்லை. இது புலவர் குறையன்று. தனித்து நிற்கும் ஒருத்தியின் உள்ளமே காப்பியத்துக்குப் பொருளாவது; ஐந்நூறு மகளிர்க்கு அரிசி அளப்பது பாட்டாகாது. குறை, காப்பியத்தைப் பள்ளிக்குச் சான்றாக்குவோருடையது. மணிமேகலை பலர்க்கு ஊட்டினாள் என்கிறது நூல். குரத்தியார்க்கு ஊரார் ஊட்டினர் என்கிறது கல். பள்ளி நிலைத்தமைக்குக் காரணம் தேடுவோர் பின்னதையே நோக்குதல் வேண்டும்.

மீண்டும் குடாநாட்டுக்கு வருதல் தகும். பிக்குணியர்க்கென விதிக்கப்பட்ட ஒழுக்கங்களுள், பிக்குகள் இல்லாத இடத்தில் மாரிக்காலம் தங்கலாகாது என்பதும் ஒன்று. அரைத்திங்கட்கு ஒருமுறை அவர்கள் அறிவுரை பெறுவதும் பிக்குகளிடமிருந்தே. ஆகவே அவர்கள் உறையுள் காட்டில் இராது. ஊரை அடுத்தும் பிக்குகளின் விகாரைக்கு எட்டும் தொலைவிலுமே இருக்கும். கந்தரோடை வாணிக ஊர். அங்கு விகாரையும் இருந்தது. பிக்குணியர் உறைதற்கு ஏற்ற இடமென்பதில் ஐயமில்லை. ஏற்ற இடம் என்பதோ உறைந்த இடம் என்பதற்கு ஈடாகாது. வேடல் தரும் பாடத்தை இங்குப் பொருத்தினால் மேலும் ஒன்று விளங்கும். மகளிர் தடத்தைத் தூபிகளிடையே தேடுவது வீண்வேலை ஆகலாம். இறந்தோர்க்கு எழுப்பியவை தூபிகள். வாழ்ந்தோர் இருந்த இடம் அயலிலுள்ள தோட்ட நிலமும் குடிமனையும். பானை ஓடும் அடுப்புச் சாம்பரும் அங்கேயே கிடைக்கும். அங்கும் எழுத்துள்ள ஓடு ஒன்று அகப்பட்டாலன்றி ஆண் பெண் என்று பிரித்தல் அரிது.

ஈழத்துப் பிக்குணிச் சங்கத்தின் முடிவு பற்றியும் ஒரு சொல். ஐந்தாம் நூற்றாண்டிலே, 429, 433 ஆகிய ஆண்டுகளில், ஈழத்துப் பிக்குணியர் கப்பலேறிச் சீன நாட்டுக்குச் சென்று, அந்நாட்டு மகளிர் முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர்க்கு முறைப்படி துறவு அளித்தனர் என்று சீன நூல்கள் குறிக்கின்றன. அத்துணை வலிமை பெற்றிருந்த சங்கம், பதினோராம் நூற்றாண்டின்பின் இலங்கையில் மறைந்தது. சோழர் படையெடுப்பே அதனை அழித்தது என்று சுருங்கக் கூறுவர். 993 இல் அநுராதபுரம் சோழர் கைப்பட்டதும், அரச ஆதரவு அறுந்ததும் உண்மையே. ஆனால் அப்போரிலே பிக்குகளின் சங்கமும் குலைந்தது. முதலாம் விசயபாகு பர்மிய நாட்டிலிருந்து தேரர்களை வரவழைத்து அதனை மீட்டான். மகளிர் சங்கத்தை மீட்க அவ்வாறு யாரையும் அழைத்ததாகச் செய்தி இல்லை. அழிவுக்குச் சோழர் பொறுப்பாயின், மீளாமைக்குப் பொறுப்பு வேறிடத்தது. வேடலிலே பெண்டிர்க்குச் சோறிட்ட ஊர், சோழ அரசின் கீழிருந்த ஊரே என்பதையும் இவ்விடத்தே நினைவுகூரலாம். அங்குப் பள்ளியைத் தாங்கியவர் அரசரல்லர், உழுதுண்போர். அரசனையே பெரிதும் சார்ந்த சங்கமும் ஊரைச் சார்ந்த சங்கமும் இடர் வந்தபோது ஒரே வகையாக நிலைகுலைந்தனவா என்பது தனியே ஆராயத்தக்கது.

ஆர்க்காட்டுக்கு அண்மையிலுள்ள விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தக சோழனின் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டுக்கு, அதாவது 945 க்கு, உரிய கல்லொன்று உண்டு. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாராகிய பட்டினிக் குரத்தியார் செய்வித்த அறத்தை அது பதிந்துள்ளது. அவர் செய்வித்தது திருமேனியன்று, மண்டபமுமன்று, கிணறு. ஆறில்லாத குடாநாட்டிலே, கந்தரோடை அயலில் உழுவோரும் குடியிருப்போரும் இன்றும் இறைத்துக் கொண்டிருக்கும் பழங்கிணறுகளின் கட்டுக்கல்லையும் வாய்க்கல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்யும் வேலையைத் தூபிகளின் அளவெடுத்தவர் எவரும் மேற்கொண்டதாகத் தெரியவில்லை.